கொர்பு மலைக்குச் சிறிய கேமராவா, பெரிய கேமராவா?

வாசகர் கேள்வி:

அன்புள்ள ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது ஈப்போவில் வேலை பார்க்கிறேன். இரண்டு ஆண்டுகளாக நண்பர்களோடு மலையேறி வருகிறேன். இவ்வாண்டு கொர்பு மலைக்கும் அடுத்த ஆண்டு கினாபாலுவுக்கும் போகத் திட்டம். கைப்பேசியில் எடுக்கும் படங்கள் மனத்துக்கு நிறைவாக இல்லை. கேமராவுக்கென்று 4,000 வெள்ளி சேர்த்து வைத்திருக்கிறேன். கூட ஏறும் அண்ணன் ஒருவர், தவணையிலாவது ஃபுல் ஃபிரேம் கேமரா வாங்கிவிடு, கல்யாணம் திருவிழா எடுத்துக் கடனை அடைத்துவிடலாம் என்கிறார். கடைக்காரரோ சட்டைப் பைக்குள் அடங்கும் கேமராவே போதும் என்கிறார். அப்பா முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய நிரையிலிருந்து தினமும் பார்த்த மலைத்தொடர் அது. அதன் உச்சியிலிருந்து ஒரு படம் எடுத்து, 20க்கு 30 அங்குலத்தில் அச்சிட்டு, வீட்டுக் கூடத்தில் மாட்ட வேண்டும் என்பது என் ஆசை. எதை வாங்குவது?

பதில்:

அன்புள்ள தம்பிக்கு, வணக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணங்கள் நீளமானவை, அவற்றைப் படித்து முடிக்கும்வரை உங்களைக் காத்திருக்க வைப்பது முறையாகாது. நீங்கள் எழுதியிருக்கும் பயணங்களுக்கும், கூடத்தில் மாட்ட விரும்பும் அந்த ஒரு படத்துக்கும், ஓர் அங்குல சென்சாரும் (படத்தைப் பதிவு செய்யும் சில்லு) 24 முதல் 200 மி.மீ. வரை நீளும் லென்சும் (எண் கூடக் கூடத் தூரம் நெருங்கி வரும்) கொண்ட சிறிய கேமராவே பொருத்தமானது. அதையும் நல்ல நிலையில் உள்ள பழைய கேமராவாகத் தேடி வாங்குங்கள்; மிச்சப்படும் பணத்தை அதைக் காப்பாற்றும் பொருள்களுக்குச் செலவிடுங்கள். தவணைக்குப் போக வேண்டாம். பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃபிரேம் கேமரா தரத்தில் உயர்ந்தது என்பதில் எனக்கு மறுப்பில்லை. சுங்கை சிப்புட்டில் என் ஸ்டூடியோவின் பிழைப்பே அதை வைத்துத்தான் நடக்கிறது. ஆனாலும் அதைத் தூக்கிக்கொண்டு நம் காட்டு மலையில் ஏறுங்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மலைகளைப் படமெடுப்பது பற்றிக் கிடைக்கும் அறிவுரைகளில் பெரும்பகுதி மரமற்ற, குளிர்ந்த, காய்ந்த மலைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்பட்டவை. அங்கே நடக்கும் வழியெல்லாம் காட்சி திறந்தே இருக்கும். நின்று, முக்காலியை விரித்து, லென்சை மாற்றி, நிதானமாக எடுக்கலாம். கொர்பு அப்படிப்பட்ட மலை அல்ல. 2,183 மீட்டர் உயரமுள்ள அது தித்திவங்சா தொடரின் மிக உயர்ந்த சிகரம். தீபகற்பத்தில் 2,187 மீட்டர் தஹானுக்கு அடுத்த இடம் அதற்குத்தான். உலு கிந்தா பக்கமிருந்து ஏறுகிறவர்கள் அதை இரண்டு மூன்று நாள் பயணமாகவே வகுத்துக்கொள்கிறார்கள். அந்த நேரத்தின் பெரும்பகுதி மரக்கூரைக்கு அடியில் கழியும். வேரையும் கயிற்றையும் பிடித்து ஏறும் இடங்களில் இரண்டு கையும் உங்களுக்கு வேண்டும். காட்சி திறக்கும் இடங்கள் சிலவே. அங்கும் மூடுபனி சில நிமிடங்கள் விலகி, மறுபடியும் மூடிக்கொள்ளும். வெளிச்சம் குறைவு, ஈரம் மிகுதி, கைக்கு ஓய்வில்லை, வாய்க்கும் நேரமோ குறுகியது. மெகாபிக்சல் கணக்கைப் பார்ப்பதற்கு முன்னால் இந்த நான்கையும் பார்க்க வேண்டும்.

இதை நான் இழந்துதான் கற்றுக்கொண்டேன். டிஜிட்டல் வந்த புதிதில், கேமரன் மலையின் பாசிக்காட்டு வழியாக இராவ் மலைக்குப் போன ஒரு பயணத்தில், கல்யாணங்களுக்குப் பயன்படுத்தும் கேமராவையும் இரண்டு பெரிய லென்சுகளையும் பிளாஸ்டிக் பையில் சுற்றி, முதுகுப் பையின் அடியில் வைத்துக்கொண்டு ஏறினேன். உச்சிக்குச் சற்றுக் கீழே மூடுபனி சட்டென்று விலகி, அடுக்கடுக்காகத் தொடர் முழுவதும் தெரிந்தது. பையை இறக்கி, உறையைப் பிரித்து, நீள லென்சைப் பொருத்தி முடித்தபோது முன்கண்ணாடியில் என் மூச்சும் உடற்சூடும் பட்டு ஆவி படிந்துவிட்டது. அதைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே வெள்ளைத் திரை. கூட வந்த ஒருவர் அதற்குள் சட்டைப் பையிலிருந்த சிறிய கேமராவை எடுத்து மூன்று படங்கள் எடுத்திருந்தார். பிறகு அவருக்காக என் கடையிலேயே அவற்றில் ஒன்றை அச்சிட்டுக் கொடுத்தேன். அச்சு நன்றாகவே வந்தது. என்னிடம் அந்தக் காலைக்குச் சான்றாக ஒன்றுமில்லை.

சிறிய கேமரா என்று கடைக்காரர் சொன்னாராம். எந்தச் சிறிய கேமரா என்று கேட்டீர்களா? அந்தப் பெயரில் விற்பவை எல்லாம் ஓரினம் அல்ல. படத்தைப் பதிவு செய்யும் சென்சாரின் பரப்பைக் கொண்டுதான் அவற்றைப் பிரிக்க வேண்டும். ஃபுல் ஃபிரேம் என்பது 36க்கு 24 மி.மீ., அதாவது 864 சதுர மி.மீ. ஏபிஎஸ்-சி எனப்படுவது ஏறத்தாழ 370; ஃபோர் தேர்ட்ஸ் 225; ஓர் அங்குலம் என்று அழைக்கப்படுவது 13.2க்கு 8.8 மி.மீ., ஏறத்தாழ 116 சதுர மி.மீ. (ஓர் அங்குலம் என்பது பழைய தொலைக்காட்சிக் கேமராக் குழாய்களின் அளவிலிருந்து வந்த வெறும் பெயர்தான், அளந்து பார்த்தால் ஓர் அங்குலம் வராது.) மலிவான சிறிய கேமராக்களில் இருக்கும் சென்சார் 28 சதுர மி.மீ. மட்டுமே. அத்தகைய ஒன்றை வாங்கினால், தூரத்தை இழுத்துக் காட்டும் ஜூமைத் தவிர, உங்கள் கைப்பேசி தராத எதையும் அது தராது. ஆகவே கடைக்காரர் காட்டியது அந்த வகை என்றால், நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.

இனிப் பெரிய சென்சாரின் பக்கம் நின்று பேசுகிறேன். உங்கள் அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஓர் அங்குல சென்சாரைவிட ஃபுல் ஃபிரேம் ஏழு மடங்குக்கும் மேல் பரப்புடையது. ஒரே எஃப் எண்ணிலும் (லென்சுத் துளையின் அளவைச் சொல்வது; எண் சிறுத்தால் துளை பெரிது) ஒரே ஷட்டர் வேகத்திலும் அது ஏறத்தாழ மூன்று படி கூடுதல் ஒளியைச் சேர்க்கிறது; ஒரு படி என்றால் ஒளி இரு மடங்கு. விடியற்காலையில் வானம் வெளுத்து, காடு இன்னும் கருத்திருக்கும் நேரத்தில், நிழலுக்குள் கிடக்கும் விவரத்தைப் பின்னர் கணினியில் வெளிக்கொணரும்போது இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரியும். சிறிய சென்சாரில் அந்த நிழல் புள்ளிபுள்ளியாகச் சிதையும். நட்சத்திரங்களை எடுப்பதற்குப் பெரியதே நல்லது. சுவர் முழுவதும் மறைக்கும் அளவுக்கு அச்சிடுவதற்கும் பெரியதே நல்லது. இவற்றை மறைத்துச் சொன்னால் நான் தொழிலுக்கு உண்மையாக நடந்தவன் ஆகமாட்டேன்.

ஆனால் மலைப்படத்தில் இந்த மூன்று படி அனுகூலம் பல வேளைகளில் கைக்கு வந்து சேர்வதே இல்லை; விற்பனைப் பேச்சில் இது அடிபடாததால் சற்று விரிவாக எழுதுகிறேன். காலடியிலுள்ள பெரணிச்செடி முதல் தொலைவிலுள்ள முகடு வரை எல்லாம் தெளிவாக வேண்டும் என்பதே மலைப்படத்தில் நாம் பெரும்பாலும் விரும்புவது. சென்சார் பெரிதாகப் பெரிதாகத் தெளிவின் ஆழம் குறையும். ஓர் அங்குலக் கேமராவில் எஃப் 4 துளையில் கிடைக்கும் ஆழத்தை ஃபுல் ஃபிரேமில் பெற வேண்டுமானால் துளையை எஃப் 11 வரை சுருக்க வேண்டும். அப்படிச் சுருக்கும்போது ஒளி ஏறத்தாழ மூன்று படி குறைகிறது. கையில் பிடித்து எடுக்கிறீர்கள், ஷட்டர் வேகத்தைக் குறைக்க வழியில்லை என்றால், சிறிய கேமராவில் ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு அளவு) 200 வைத்து எடுத்த அதே படத்துக்குப் பெரிய கேமராவில் ஐஎஸ்ஓ 1600 வைக்க வேண்டியிருக்கும். பெரிய சென்சார் சேர்த்துக் கொடுத்த மூன்று படியும் அங்கேயே செலவாகிவிடுகிறது. இரண்டு படங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் இரைச்சலில், அதாவது அந்தப் புள்ளிச் சிதைவில், பெரிய வேறுபாடு இராது. அந்த அனுகூலத்தைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டுமானால் முக்காலி வேண்டும், மூடுபனி காத்திருக்க வேண்டும், கூட வருகிறவர்களும் காத்திருக்க வேண்டும். கூட்டமாக ஏறும்போது ஒருவருக்காகப் பத்துப் பேர் ஈரத்தில் நிற்பதும், நிற்கிற இடத்தில் அட்டைகள் ஏறுவதும் எவ்வளவு சங்கடம் என்பது உங்களுக்கே தெரியும்.

காட்டுக்குள் மரநிழலில் எடுக்கும் படங்களுக்கு வேறொரு கணக்கு இருக்கிறது. நல்ல பகலிலும் அடர்ந்த காட்டுத் தரையில், எஃப் 2.8 துளையும் ஐஎஸ்ஓ 100-உம் வைத்தால் ஒரு வினாடியில் பதினாறில் ஒரு பங்கு என்கிற ஷட்டர் வேகம்தான் கிடைப்பது வழக்கம். நடந்துவரும் நண்பரை அசைவின்றிப் பிடிக்க 125இல் ஒரு பங்காவது வேண்டும். அதற்கு ஐஎஸ்ஓ 800 தேவை. பெரிய கேமராவை அதனுடன் தரும் மலிவான ஜூம் லென்சோடு வாங்கினால், அந்த லென்ஸ் நீட்டிய நிலையில் எஃப் 5.6தான் தரும், அதே வேகத்துக்கு ஐஎஸ்ஓ 3200 ஆகிவிடும். 4,000 வெள்ளிக்குப் பெரிய கேமரா தேடுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள்: பணம் முழுவதையும் கேமராவின் உடலுக்குக் கொடுத்துவிட்டு, ஒளியை உள்ளே விடும் கண்ணான லென்சுக்கு ஒன்றும் மிச்சம் வைப்பதில்லை. எஃப் 1.8இல் தொடங்கும் லென்ஸ் கொண்ட ஓர் அங்குலக் கேமராவும், எஃப் 3.5இல் தொடங்கும் மலிவு லென்ஸ் மாட்டிய ஏபிஎஸ்-சி கேமராவும், அகலக் கோணத்தில் மங்கிய ஒளியைச் சமாளிப்பதில் ஏறத்தாழச் சமம்.

அப்படியானால் எஃப் 1.8 லென்ஸ் உள்ள சிறிய கேமராவைச் சொல்லாமல், 200 மி.மீ. வரை நீள்வதை ஏன் சொன்னேன் என்று கேட்பீர்கள். சோனி ஆர்எக்ஸ்100 வரிசையை எடுத்துக்கொண்டால் இரண்டு போக்குகள் உண்டு. மூன்று முதல் ஐந்தாம் வகை வரை 24 முதல் 70 மி.மீ., துளை எஃப் 1.8 முதல் 2.8 வரை. 2018இல் வந்த ஆறாம் வகையும் அடுத்த ஆண்டு வந்த ஏழாம் வகையும் 24 முதல் 200 மி.மீ., துளை எஃப் 2.8 முதல் 4.5 வரை. காட்டுக்குள் முதல் வகையே மேல். ஆனால் தொடருக்குப் பின் தொடராக நீலம் வெளுத்துக்கொண்டே போகும் அந்த அடுக்குகளை, ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து வைத்தாற்போல் நெருக்கிக் காட்டுவது நீண்ட லென்ஸ் மட்டுமே. 70 மி.மீ. படத்தை வெட்டி 200 மி.மீ. ஆக்கினால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும். 20 மெகாபிக்சல் படம் இரண்டரை மெகாபிக்சலாகிவிடும். இருட்டைச் சமாளிக்க வழிகள் உண்டு: கேமராவைப் பாறைமேல் வைக்கலாம், மரத்தில் சாய்க்கலாம், உள்ளங்கை அளவுக் குட்டி முக்காலியைப் பயன்படுத்தலாம். இல்லாத தூரத்தை எதைக் கொண்டும் வரவழைக்க முடியாது. உங்கள் அப்பாவுக்காக நீங்கள் எடுக்கப் போவது அடுக்குகளின் படம் என்பதால் நீளத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

எடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இளவயதில் யாரும் கேட்பதில்லை. ஃபுல் ஃபிரேம் உடல் ஏறத்தாழ 650 கிராம், எஃப் 2.8 துளையுள்ள 24-70 லென்ஸ் ஒன்று 700 கிராமை ஒட்டி, அதே துளையுள்ள 70-200 ஒரு கிலோவுக்குச் சற்று மேல். இவை எடை குறைத்துச் செய்யப்பட்ட புதிய தலைமுறைக் கணக்கு. ஆக ஏறத்தாழ 2.4 கிலோ, முக்காலி தனி. ஆர்எக்ஸ்100 ஏழாம் வகை பேட்டரியோடு 302 கிராம். ஒரு சோதனை செய்து பாருங்கள். அடுத்த வாரம் ஏறப்போகும் சிறிய குன்றுக்கு இரண்டரைக் கிலோ அரிசியைத் துணிப்பையில் கட்டி, முதுகில் போடாமல் மார்புக்கு முன்னால் தொங்கவிட்டுக்கொண்டு ஏறி இறங்குங்கள். இறக்கத்தில் அது முட்டியிலும் பாறையிலும் இடிப்பதையும், காலடியை மறைப்பதையும் உணர்ந்தால், ஏன் பலர் அதை முதுகுப் பைக்குள் தள்ளிவிடுகிறார்கள் என்பது விளங்கும். பைக்குள் போன கேமரா படம் எடுப்பதில்லை.

சிறியதை எடுத்துப் போவதைத் தகுதிக் குறைவாக நினைக்க வேண்டாம். 1953 மே 29 அன்று எவரெஸ்ட் உச்சியில் டென்சிங் பனிக்கோடரியை உயர்த்தி நிற்கும் படத்தை ஹில்லாரி எடுத்தது, மடித்து வைக்கக்கூடிய 35 மி.மீ. கோடாக் ரெட்டினா கேமராவில். குளிருக்கு ஒடுங்காமல் இருக்க அதை உடைக்குள்ளேயே வைத்துக்கொண்டு போனார். 1997 மே 23 அன்று நம் மகேந்திரனும் மோகன்தாசும் அதே உச்சியில் மலேசியக் கொடியோடு நின்ற செய்தியைப் பத்திரிகையில் பார்த்த நாளை நான் மறக்கவில்லை; இந்த நாட்டிலிருந்து எவரெஸ்ட் ஏறிய முதல் இருவரும் நம் பிள்ளைகள் என்ற பெருமிதத்தில்தான் எனக்கே மலை ஆசை வந்தது.

அச்சுக்கு வருகிறேன். இது என் அன்றாடத் தொழில் என்பதால் உறுதியாகச் சொல்லலாம். 20 மெகாபிக்சல் படம் 5,472க்கு 3,648 புள்ளிகள். 12க்கு 18 அங்குலத்தில் அச்சிட்டால் அங்குலத்துக்கு 300 புள்ளிகளுக்குமேல் கிடைக்கும். கையில் வைத்துப் பார்க்கும் ஆல்பத் தரம் அது. 20க்கு 30இல் அச்சிட்டால் அங்குலத்துக்கு ஏறத்தாழ 180. கூடத்துச் சுவரில் மாட்டி ஐந்தாறு அடி தள்ளி நின்று பார்க்கும் படத்துக்கு இது போதும். படம் கெடுவது பெரும்பாலும் வேறு காரணங்களால்: கை நடுங்கியது, லென்சில் ஆவி படிந்தது, வானம் விவரமின்றி வெளுத்துவிட்டது. ஆகவே ரா கோப்பாக (கேமரா திருத்திச் சுருக்காத மூலப் பதிவாக) எடுங்கள். வானத்தின் வெளிச்சத்தைக் கெடவிடாமல் அளவிடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் மூன்று படங்களாக எடுத்துக்கொள்ளுங்கள். மூடுபனியை மட்டும் கேமரா தானாகச் சாம்பல் நிறமாக்கிவிடும் என்பதால், அங்கே வெளிச்சத்தை முக்கால் படியோ ஒரு படியோ கூட்ட வேண்டும்.

கல்யாணம் எடுத்துக் கடனை அடைக்கலாம் என்ற யோசனைக்கு, முப்பது ஆண்டுகளாகக் கல்யாணம் எடுப்பவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. ஒரு கேமராவும் ஒரு லென்சும் வைத்துக்கொண்டு அந்த வேலைக்கு இறங்கக் கூடாது. தாலி கட்டும் நேரத்தில் கேமரா நின்றுபோனால் மறுபடியும் கட்டச் சொல்ல முடியாது; அதனால்தான் இரண்டு உடல், இரண்டு ஃபிளாஷ், ஒரே நேரத்தில் இரண்டு மெமரி கார்டில் பதிவு, கூட ஓர் ஆள் என்று போகிறோம். அந்தத் தொழிலைக் கற்க விரும்பினால் தனியாக வாருங்கள், மகிழ்ச்சியோடு சொல்லித் தருகிறேன். ஆனால் அது மலைக்கேமராவைத் தீர்மானிக்கக் கூடாது. தவணை பாக்கியுள்ள, அடுத்த சனிக்கிழமை மண்டபத்தில் வேலை செய்தாக வேண்டிய கேமராவை, தூறலில் வெளியே எடுக்க உங்கள் கை தயங்கும். மலையில் அந்தத் தயக்கம் உள்ளவரை படம் வராது.

வாங்கியபின் உங்கள் உண்மையான எதிரி ஈரம்தான். சிறிய கேமராவுக்கு இதில் ஒரு பலவீனம் உண்டு, அதையும் அறிந்தே வாங்குங்கள். லென்ஸ் வெளியே நீளும்போதெல்லாம் அது காற்றை உள்ளே இழுக்கிறது. ஈரமும் நுண்தூசியும் கூடவே போகும். லென்ஸ் கழற்றும் கேமராவில் சென்சாரைத் துடைக்கலாம், சிறியதில் முழுவதையும் பிரித்தாக வேண்டும்; பூசணம் பிடித்துவிட்டால் பழுது பார்க்கும் கூலி கேமராவின் விலையை நெருங்கும். மழை புகாத அடைப்பும் பெரும்பாலான சிறிய கேமராக்களுக்குக் கிடையாது. ஆகவே மழையில் அது வெளியே இருக்கக் கூடாது. முதுகுப் பையின் தோள்பட்டையில், மார்புக்கு முன்னால், வாயைச் சுருட்டி மூடும் நீர்புகாச் சிறு பை ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். மூன்று வினாடியில் எடுத்து மூன்று வினாடியில் உள்ளே வைக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை வீட்டிலேயே செய்து பாருங்கள். உலர்ந்த பருத்தித் துணி இரண்டு கொண்டுபோங்கள், ஒன்று நனைந்தால் மற்றொன்று உதவும்.

குளிர்சாதனம் போட்ட காரிலிருந்து இறங்கியவுடன் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். குளிர்ந்த கண்ணாடிமீது நம் ஊர்க் காற்று பட்டால் உள்ளும் புறமும் வியர்க்கும். இறுக மூடிய பையிலேயே அரை மணி நேரம் விட்டுவிட்டால் அது வெளிச்சூட்டுக்குப் பழகிவிடும். பயணம் முடிந்து திரும்பியதும் பையோடு அலமாரியில் போட்டுவிடுவதுதான் பெரிய தவறு. ஈரப் பைக்குள் இரண்டு வாரம் இருந்தால் போதும், லென்சில் சிலந்தி நூல் போலப் பூசணம் ஓடத் தொடங்கும். துடைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தி, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடும் சிறிய ஈரப்பதமானியோடும் வையுங்கள். ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். அரிசிக்குள் புதைத்து வைக்கும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. அரிசித் தூசு லென்ஸ் இடுக்குகளில் ஏறிவிடும் என்பதால் அதை விட்டுவிடுங்கள். இத்தனைக்கும் ஆகும் செலவு ஒரு பழுதுபார்ப்புக் கூலியைவிடக் குறைவு.

பழைய கேமராவைப் பார்க்கப் போகும்போது நேரில் போங்கள், பகலில் போங்கள். கேமராவை இயக்கி, லென்சை முழுவதும் நீட்டி, கைப்பேசி விளக்கைச் சாய்வாக அதன்மேல் பிடித்து உள்ளே பாருங்கள். சில தூசிப் புள்ளிகள் இருந்தால் பாதகமில்லை. நூல்கள் போலவோ, புகை படிந்தாற்போலவோ தெரிந்தால் எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். பிறகு வெள்ளைச் சுவரையோ வானத்தையோ துளையை முழுவதும் சுருக்கி ஒரு படம் எடுத்துப் பெரிதாக்குங்கள். கரும்புள்ளிகள் ஒரே இடத்தில் நிலையாக நின்றால் சென்சாரில் அழுக்கு இருக்கிறது. லென்ஸ் நீண்டு ஒடுங்கும்போது உரசும் ஒலி கேட்கிறதா, எழும்பி நிற்கும் வியூபைண்டர் தளர்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். வெயில் அடிக்கும் பாறையில் திரை கண்ணுக்குத் தெரியாது, அங்கே வியூபைண்டர்தான் துணை. பேட்டரி ஒன்றுக்கு 240 முதல் 260 படங்கள் என்பது தயாரிப்பாளர் கணக்கு. கொர்புக்கு மூன்று பேட்டரி வைத்துக்கொள்ளுங்கள்.

கினாபாலு வேறு இயல்புடையது. திம்போஹோன் வாயில் 1,866 மீட்டரில் இருக்கிறது. அங்கிருந்து பானாலாபான் தங்குமிடம் வரை காடும் புதரும். அதற்குமேல் 4,095 மீட்டர் வரை வெட்டவெளிக் கருங்கல். பின்னிரவில் புறப்பட்டு விடியலுக்கு உச்சியில் இருப்பீர்கள். பெரிய கேமராவுக்கு நியாயம் இருக்கும் ஒரே இடம் என்று நான் கருதுவது இதைத்தான், குறிப்பாக நட்சத்திரங்களுக்காக. ஆனால் காற்று மெலிந்த அந்த உயரத்தில் ஒவ்வொரு கிலோவும் இரட்டிப்பாகத் தோன்றும். குளிர் பூச்சியத்தை நெருங்கும்போது பேட்டரி சட்டென்று இறங்கும் என்பதால், மாற்றுப் பேட்டரிகளை உடலோடு ஒட்டிய உள்பையில் வையுங்கள். கையுறையோடு சிறிய கேமராவின் பொத்தான்களை அழுத்துவது கடினம். விரல்நுனி திறந்த கையுறை வாங்கிக்கொண்டால் தீர்ந்தது.

ஓராண்டு எடுத்தபின் படங்களையெல்லாம் விரித்து வைத்துப் பாருங்கள். மழைத் தூறலிலும் காட்டிருட்டிலும் எடுக்க முடியாமல் போன தருணங்கள் உங்களை உறுத்திக்கொண்டே இருந்தால், அப்போது மழை புகாத அடைப்புள்ள ஃபோர் தேர்ட்ஸ் கேமராவும் அதே அடைப்புள்ள சிறிய ஜூம் ஒன்றும் வாங்கலாம். ஓஎம் சிஸ்டம் ஓஎம்-5 போன்ற உடலும் 12-45 மி.மீ. லென்சும் சேர்ந்து ஏறத்தாழ 670 கிராம்தான். அப்போதும் ஃபுல் ஃபிரேமுக்குத் தாவ வேண்டிய தேவை உங்களுக்கு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இனி உங்கள் அப்பாவின் படம். நம் ஊர் மலைத்தொடருக்கு மேற்கே இருக்கிறது. ஆகவே நிரையில் நின்று அவர் பார்த்ததெல்லாம் சூரியனை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்ட கரிய மலை. உச்சியில் விடியும்போது எல்லோரும் கிழக்கே திரும்பிச் சூரியனை எடுப்பார்கள். அது பெரிய சென்சாருக்கும் கடினமான படம். நீங்கள் சூரியன் எழுந்து பத்து இருபது நிமிடம் கழித்து, மரங்கள் மறைக்காத இடமாகப் பார்த்து, மேற்கே திரும்பி நில்லுங்கள். வெளிச்சம் உங்கள் தோளுக்கு மேலாக விழும். பள்ளத்தாக்கில் பனி படுத்திருக்கும். வானம் தெளிவாக இருந்தால், நீங்கள் நிற்கும் மலையின் நிழலே முக்கோணமாகச் சமவெளிப் பக்கம் நீண்டு கிடக்கும். வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் இடையே அங்கே பெரிய இடைவெளி இராது. சிறிய சென்சார் அதைச் சிரமமின்றி வாங்கிக்கொள்ளும். லென்சை 100 முதல் 150 மி.மீ. வரை நீட்டி, எஃப் 4.5 வைத்து, ஐஎஸ்ஓவை 125இல் நிறுத்தி, முழங்கையைப் பாறையில் ஊன்றி எடுங்கள். பிறகு அகலக் கோணத்திலும் ஒன்று. அந்தப் பனிக்கு அடியில் எங்கேயோ அவர் பால் வெட்டிய நிரை இருக்கிறது. ரா கோப்பை அப்படியே கடைக்குக் கொண்டுவாருங்கள்; அச்சிடுவதற்கு முன் அப்பாவையும் அழைத்துவந்து எந்தப் படம் என்று அவரையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம்.